ஐதராபாத்தின் அனிமேஷன் தொழில்: ஜாப் ஒர்க்கும் சொந்த உருவமும்

ஐதராபாத்தில் 1990களின் இறுதியில் வேரூன்றிய அனிமேஷன் தொழில், தனக்கென்று ஒரு கதையோ பாத்திரமோ இல்லாமல், அயல்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்காக வேறெங்கோ தீட்டப்பட்ட உருவங்களுக்கு அசைவு தருகிற சேவைத் தொழிலாகவே பெரும்பாலும் தொடங்கியது. திருப்பூரில் பிறர் கொடுத்த துணியைப் பிறர் சொன்ன அளவில் தைத்து, பிறர் பெயர் பொறித்த பட்டையை வைத்து அனுப்புகிற ஜாப் ஒர்க் முறையை அறிந்தவர்களுக்கு இத்தொழிலின் அமைப்பு எளிதில் விளங்கும். ஐதராபாத்தின் பாத்திரம் ஒன்று நாடெங்கும் குழந்தைகளிடையே வேரூன்ற ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பத்தாண்டுகளில் சிறு ஸ்டூடியோ தொடங்க முனைந்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல், இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

அமெரிக்கக் கார்ட்டூன்களின் கையுழைப்பு வெளிநாடுகளுக்குச் சென்றது ஐதராபாத்துக்கு வெகு முன்னரே நிகழ்ந்ததாகும். கூலி குறைந்த இடத்தைத் தேடி அவ்வேலை முதலில் ஜப்பானுக்கும், பின்னர் தைவான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்கும் நகர்ந்தது. தைபேயில் 1978-இல் தொடங்கப்பட்ட வாங் பிலிம் புரொடக்ஷன்ஸ் இவ்வகை நிறுவனங்களில் புகழ்பெற்ற ஒன்று. இந்தியாவில் 1956-இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் மும்பையில் ஒரு கார்ட்டூன் பிரிவை அமைத்து, டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸைக் கொண்டு ஓவியர்களைப் பயிற்றுவித்தபோதிலும், அதன் நோக்கம் அரசுப் பிரசாரப் படங்களே தவிர ஏற்றுமதி அன்று. ஏற்றுமதிக்கான வேலை இந்தியாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது, 1999-இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டூன்ஸ் நிறுவனம் தோன்றிய காலத்தை ஒட்டித்தான்.

ஐதராபாத் இத்தொழிலுக்கு ஏற்ற நிலமாக அமைந்ததற்கு, தெலுங்குத் திரைத்துறை சென்னையிலிருந்து சிறுகச் சிறுக அங்கே பெயர்ந்தது முதற் காரணம். அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1970களின் நடுவில் நிறுவிய அன்னபூர்ணா ஸ்டூடியோவும், 1996-இல் ராமோஜி ராவ் அமைத்த திரைப்பட நகரமும் ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற துணைத்தொழில்களை அந்நகரில் நிலைபெறச் செய்தன. 1940-இல் தொடங்கிய நுண்கலைக் கல்லூரியால் அங்கே முறையாக ஓவியம் பயின்றோரும் இருந்தனர். இவற்றோடு, 1991-இல் உருவான மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டமும், 1998-இல் பிரதமர் வாஜ்பாயி திறந்துவைத்த மாதாபூரின் சைபர் டவர்ஸ் மென்பொருள் வளாகமும் சேர்ந்துகொண்டன. அத்திட்டத்தில் பதிவு செய்துகொண்ட நிறுவனம் கணினிகளைச் சுங்கவரி இன்றி இறக்குமதி செய்யவும், அயல்நாட்டுத் தரவு இணைப்பைப் பெறவும், ஏற்றுமதி இலாபத்துக்கு 2011 மார்ச் வரை வருமானவரி விலக்குப் பெறவும் வழி இருந்தது. மென்பொருளுக்காக வகுக்கப்பட்ட சலுகையின் நிழலில் அனிமேஷனும் வளர்ந்தது என்பது, அதன் பிற்கால இயல்பைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்தி. மென்பொருள் நிறுவனத்தைப் போலவே அதுவும் ஆள் எண்ணிக்கையையும் ஏற்றுமதி வருவாயையும் கொண்டே தன்னை அளந்துகொண்டது.

வேலை வந்து சேர்ந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். ஒரு தொடரின் கதை, உரையாடல், குரல் பதிவு, ஸ்டோரிபோர்டு எனப்படும் காட்சிப்படத் தொகுப்பு ஆகியவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ முடிந்த பின்னரே பொட்டலம் கட்டப்பட்டு ஸ்டூடியோவை வந்தடைந்தன. ஒவ்வொரு பாத்திரமும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எப்படித் தோன்ற வேண்டும் என்று காட்டும் மாடல் ஷீட் அதில் இருந்தது. எக்ஸ்போஷர் ஷீட் என்னும் நீண்ட தாளில் ஒவ்வொரு வரியும் ஒரு பிரேமைக் குறித்தது. உரையாடல் ஒலி ஒலியாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பிரேமில் வாய் எந்த வடிவில் திறந்திருக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதப்பட்டிருந்தது. தாள் நகராமலிருக்கத் துளைகளைப் பொருத்தும் பெக் பார் கொண்ட ஒளிமேசையில் அமர்ந்து, தலைமை ஓவியர் வரைந்த முக்கிய நிலைகளுக்கு நடுவே வரவேண்டிய படங்களை, அதாவது இன்பிட்வீன்களை, இளநிலை ஓவியர்கள் வரைந்தனர். நொடிக்கு 24 பிரேம்கள் ஓட, ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தும் வழக்கப்படி நொடிக்கு 12 படங்கள் என்று கொண்டால், இடைவிடாது அசைகிற ஒற்றைப் பாத்திரத்துக்கே 22 நிமிட அத்தியாயத்தில் 15,840 படங்கள் வேண்டும். அசையாத நிலைகளையும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய நடைகளையும் கழித்த பின்னும் எஞ்சுகிற அந்த உழைப்பே ஏற்றுமதிச் சரக்கு.

கணினித் திரையிலேயே வரையும் பிளாஷ், முப்பரிமாண உருவங்களைக் கட்டும் மாயா போன்ற மென்பொருள்கள் பரவியபோது ஒளிமேசையின் இடம் சுருங்கியது. அப்போதுதான் சிறிய முதலீட்டோடு ஒரு ஸ்டூடியோ தொடங்குவது இயலக்கூடியதாயிற்று. வாடகைக்கு ஒரு தளம், சில கணினிகள், வரையும் டேப்லெட்கள், மென்பொருள் உரிமம், சம்பளத்துக்குச் சில மாதப் பணம் ஆகியவை போதும் என்று தோன்றியது. உண்மையில் போதாமல் போனது காத்திருக்கும் சக்தியே. கட்டணம் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு, வேலையின் ஒவ்வொரு கட்டமும் வாடிக்கையாளரால் ஏற்கப்பட்ட பின்னரே தவணையாக வந்தது. ரீடேக் எனப்படும் மறுவேலை ஸ்டூடியோவின் தவறாலா, வாடிக்கையாளரின் மனமாற்றத்தாலா என்பதை ஒப்பந்தம் தெளிவாகப் பிரிக்காவிட்டால், அதன் செலவு முழுவதும் ஸ்டூடியோவின் தலையில் விழுந்தது. அயல்நாட்டு ஒப்பந்தத்தை நேரடியாகப் பெற இயலாத சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்திடமிருந்து துணை ஒப்பந்தமாக வேலை வாங்கியபோது இலாப விளிம்பு மேலும் மெலிந்தது. இத்தகைய வேலையை இழிவாகக் கருதுவது பிழை; காலக்கெடுவையும் தரத்தையும் அந்நகரத்து ஓவியர்களுக்குக் கற்பித்த பள்ளி அதுவே. ஆனால் அப்பள்ளி சம்பளம் கொடுத்ததே தவிர, சொத்து எதையும் சேர்த்து வைக்கவில்லை.

இந்த வரம்பைத் தாண்ட இரு வழிகள் முயலப்பட்டன. தபஸ் சக்ரவர்த்தி நிறுவிய டிகியூ என்டர்டெயின்மென்ட் கூட்டுத் தயாரிப்பு முறையைக் கைக்கொண்டது. அதாவது, தன் உழைப்பின் ஒரு பகுதியைக் கட்டணமாகப் பெறாமல் முதலீடாக வைத்து, அதற்கு ஈடாகப் படைப்பின் உரிமையில் பங்கு கேட்கும் முறை அது. 2009-இல் வெளிவந்த 'அயர்ன் மேன்: ஆர்மர்டு அட்வென்சர்ஸ்' தொடரில் பிரெஞ்சு நிறுவனங்களோடும், 2010-இல் வெளிவந்த 'தி ஜங்கிள் புக்' தொடரில் ஜெர்மனியின் இசட்டிஎப், பிரான்சின் டிஎப்1 ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களோடும் அது கைகோத்தது. இம்முறை துணிவானதுதான். எனினும் உரிமைப் பங்கின் வருவாய் ஆண்டுகள் கழித்துத் துளித்துளியாக வருவது, சம்பளமோ மாதந்தோறும் கொடுக்க வேண்டியது. அந்த இடைவெளியைக் கடன் நிரப்ப வேண்டியிருந்தது, கடனே பின்னாளில் பெரும் சுமையாயிற்று.

மற்றொரு வழியில் சென்றவர் ராஜீவ் சிலகா. அமெரிக்காவில் கணினி அறிவியலும் பின்னர் அனிமேஷனும் பயின்று திரும்பிய அவர், ஐதராபாத்தில் கிரீன் கோல்டு அனிமேஷனை நிறுவி, விக்ரமாதித்தன்–வேதாளக் கதையையும் கிருஷ்ணன் கதைகளையும் இந்தியத் தொலைக்காட்சிகளுக்காகப் படமாக்கினார். 2008-இல் போகோ அலைவரிசையில் 'சோட்டா பீம்' தொடங்கியது. மகாபாரதத்து வீமனின் பெயரும் பசியும் வலிமையும் மட்டும் கொண்ட சிறுவன் ஒருவனை, டோலக்பூர் என்னும் கற்பனை ஊரில் லட்டு தின்னவைத்த அத்தொடர், எளிய இருபரிமாணப் படங்களால் ஆனது. டிஸ்னியின் நுணுக்கத்தோடு போட்டியிடாமல், குறைந்த செலவில் நிறைய அத்தியாயங்களைத் தரக்கூடிய வடிவத்தைத் தேர்ந்ததே அதன் தொழில்மதி என்று மதிப்பிடலாம். பீம் பாத்திரம் பொம்மையாகவும் பள்ளிப் பையாகவும் விற்றது. 2012-இல் திரையரங்குக்குச் சென்றது. 2019-இல் 'மைட்டி லிட்டில் பீம்' என்ற பெயரில், பேச்சு ஏறக்குறைய இல்லாத மழலைத் தொடராக நெட்பிளிக்ஸ் வழியே உலகெங்கும் பரவியது. மொழிபெயர்ப்பு தேவைப்படாத வடிவத்தைத் தேர்ந்தது அப்பரவலை எளிதாக்கியது.

சேவைத் தொழிலின் மறுபக்கத்தை 'லைஃப் ஆஃப் பை' காட்டியது. புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட அப்படத்தின் புலியையும் கடலையும் உருவாக்கிய லாஸ் ஏஞ்சல்ஸின் ரிதம் அண்ட் ஹியூஸ், அவ்வேலையில் தன் மும்பை, ஐதராபாத் கிளைகளையும் ஈடுபடுத்தியிருந்தது. 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அப்படத்துக்குக் கிடைத்தது; விருது வழங்கப்படுவதற்கு முன்னரே, அதே மாதத்தில், அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்துவிட்டது. நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்டு, வளர்ந்துகொண்டே போகும் வேலையைச் செய்கிற இடர், சிறு ஸ்டூடியோவுக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது உலகறிந்த செய்தியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், தமிழில் 'நான் ஈ'யாக வந்த 'ஈகா'வுக்காக ஐதராபாத்தின் மகுடா விஎப்எக்ஸ் நிறுவனம் செய்து, பின்னர் தேசிய விருது பெற்ற வேலை வெளிவந்தது. ஊர்ச் சந்தைக்கும் உயர்தர வேலை தேவை என்பதை அப்படம் நிறுவியது.

தெலங்கானா அரசு 2016-இல் அனிமேஷன், விளையாட்டு மென்பொருள் ஆகிய துறைகளுக்கென்று 'இமேஜ்' என்ற தனிக் கொள்கையை வெளியிட்டு, அவற்றுக்கான கோபுரம் ஒன்றை ஐதராபாத்தின் ராயதுர்கத்தில் கட்டத் திட்டமிட்டது. 2022-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் இத்துறைக்குப் பணிக்குழு அமைப்பதாக அறிவித்தது. கட்டடமும் பயிற்சியும் பயனுள்ளவையே. ஆயினும் 2025 தொடக்கத்தில் பாரிஸின் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது அதன் பெங்களூரு, மும்பை ஸ்டூடியோக்களும் மூடப்பட்டு, தேர்ந்த கலைஞர்கள் பலர் ஒரே நேரத்தில் வேலையிழந்தனர். திறமைக் குறைவு அதற்குக் காரணமன்று, முடிவெடுக்கும் இடம் வேறு நாட்டில் இருந்ததே காரணம். அந்நிலை மாறச் சொந்தப் படைப்பு வேண்டும்; ஆனால் நிலத்தையும் இயந்திரத்தையும் ஈடாகக் கொண்டு பழகிய வங்கிக்கு, ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் உரிமையை ஈடாக மதிப்பிடும் வழக்கம் இல்லை. ஆகவே சொந்தப் பாத்திரத்தை வளர்க்க விரும்பும் சிறு ஸ்டூடியோ, அதற்கான பணத்தை இன்றும் பெரும்பாலும் ஜாப் ஒர்க்கின் மெலிந்த இலாபத்திலிருந்தே மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது.