முருங்கைக்காயனும் எச்-4 உம்: இரண்டு கலப்பிரிவுகளின் கதை



இழையுருப்பிரிவுக்கும் ஒடுக்கற்பிரிவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பிள்ளைகள் அட்டவணையை அப்படியே ஒப்புவிப்பார்கள். அந்த வித்தியாசம் நம் வயலிலும் வளவிலும் செய்த வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1882இல் ஜேர்மனியரான வோல்தர் பிளெமிங் இழையுருப்பிரிவை விவரித்துப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் வன் பெனெடன், புழுவொன்றின் முட்டையிலும் விந்திலும் நிறமூர்த்தங்கள் பாதியாகவே இருப்பதைக் கண்டார்.

ஒரு நெற்பயிரை எடுங்கள். அதன் கலங்களில் 24 நிறமூர்த்தங்கள். வேர் நீள்வதும் மட்டம் விடுவதும் இழையுருப்பிரிவால். ஒரு கலம் இரண்டாகும். இரண்டிலும் அதே 24. பூவில் மகரந்தமும் சூலும் உருவாகும்போது மட்டும் ஒடுக்கற்பிரிவு நடக்கும். இரு தடவை பிரிந்து நான்கு கலங்கள் வரும். ஒவ்வொன்றிலும் 12 தான். தாய்வழி, தந்தைவழி நிறமூர்த்தங்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்ட பிறகே பிரிவதால், அவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

1950களில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெக்டர் வீரரத்ன, நம் நாட்டு முருங்கைக்காயனை இந்தோனேசியாவின் மாஸ் நெல்லுடன் கலந்தார். முதல் தலைமுறைப் பயிர் ஒரே மாதிரி இருக்கும். அது பூக்கும்போது ஒடுக்கற்பிரிவு இரு வழிக் குணங்களையும் கலந்து பிரிக்கும். அதனால் அடுத்த தலைமுறையில் உயரம், வயது, நோயைத் தாங்கும் தன்மை எல்லாம் வெவ்வேறாகும். அவற்றில் நல்லதைப் போகம் போகமாகத் தெரிந்தெடுத்து நிலைப்படுத்தியதுதான் எச்-4. அது எரிபந்த நோயைத் தாங்கியது, விளைச்சலும் கூடத் தந்தது. 1960களில் அந்தச் சிவப்பு நெல் நாடெங்கும் பரவியது.

வாழையின் கதை வேறு. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றில் 33 நிறமூர்த்தங்கள், அதாவது மூன்று தொகுதி. மூன்றை இரண்டாகச் சரியாகப் பங்கிட முடியாது. அதனால் ஒடுக்கற்பிரிவு குழம்பிவிடுகிறது, பழத்திலும் விதை இல்லை. குட்டி பிரித்துத்தான் நடுகிறோம். குட்டி, தாயின் நகல். நல்ல குலை மாறாமல் கிடைக்கும். தாயைத் தாக்கும் நோய் குட்டியையும் விடாது. ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த குறொஸ் மிச்சல் வாழை, பனாமா வாடல் நோயால் 1950களிலும் 60களிலும் உலகச் சந்தையை இழந்தது இப்படித்தான்.

ஆனால் ஒடுக்கற்பிரிவும் இருப்பதைத்தான் கலக்கும். கலக்க ஏதாவது இருக்க வேண்டும். பெயர் தெரியாத விவசாயிகள் முருங்கைக்காயனைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து வைத்திருக்காவிட்டால் எச்-4 ஏது?

விதைநெல் மூட்டையையும் விட்டுவிட்டு ஓடிய ஊர்கள் நம்முடையவை. வீடு திரும்பக் கட்டலாம். தொலைந்த நெல்லினத்தைக் கட்ட முடியாது. கன்னொறுவையில் பழைய இனங்களின் விதைகளைப் பாதுகாக்கிறார்கள். ஆனாலும் வயலில் விளையும் நெல்தான் ஊரின் காலநிலையோடு சேர்ந்து மாறிக்கொண்டே வரும்.

உங்கள் வீட்டில் பழைய நெல் ஒரு கொத்து இருந்தாலும் வரும் காலபோகத்தில் ஒரு மூலையில் விதையுங்கள். அதன் பெயரைக் கீழே எழுதுங்கள், பிள்ளைகளும் அறியட்டும்.