இருபத்தேழு வயதில் தலைவர்

சென்ற வாரம் சொன்னபடி நாம் 1954-க்கு வர வேண்டும். சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் கூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமான ஆண்டு. அதற்கு முன் ஒரு வயதுக் கணக்கு.

தேர்தலில் வென்ற அமெரிக்க அதிபர்களிலேயே இளையவர் கென்னடி. 1960-இல் அவருக்கு 43 வயது. 1950 மார்ச்சில் மலாயா தொழிற்சங்கக் கவுன்சில் உருவானபோது அதன் முதல் தலைவரான பி.பி. நாராயணனுக்கு 27! கேரளத்தில் பிறந்து, சிறு வயதில் மலாயா வந்து, நெகிரி செம்பிலான் தோட்ட லயங்களில் சங்கம் வளர்த்தவர். கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் பயந்து வாய் மூடியிருந்த பால்மரத் தொழிலாளிக்குச் சந்தா கட்டும் துணிச்சலைக் கொடுத்தவர்களில் ஒருவர்.

அவ்வளவு சின்ன வயதுக்காரருக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது? எஸ்.ஏ. கணபதியைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

தஞ்சை மண்ணின் பிள்ளை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தமிழரும் சீனரும் ஒரே கொடியின் கீழ் வேலைநிறுத்தம் செய்ததைத் துரைமார்களால் பொறுக்க முடியவில்லை. 1948 மே மாதம் சட்டத்தைத் திருத்தினார்கள்: வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் இனி ஒரே சம்மேளனமாக இயங்க முடியாது. ஜூனில் சம்மேளனத்தின் பதிவு பறிபோனது, அவசரகாலமும் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றது புதிய விதி.

1949 மார்ச் தொடக்கத்தில் கணபதி ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அதைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். தண்டனையைக் குறைக்க இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பிரிட்டிஷார் அசையவில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் சுட்டு யாரும் சாகவில்லை. வைத்திருந்ததற்கே உயிரை எடுத்தார்கள். என் கணக்கில் அது சட்டத்தின் பெயரால் நடந்த கொலை.

அவரும் அவருடைய சம்மேளனமும் இல்லாமல்போன வெற்றிடத்தில்தான் நாராயணன் தலைவரானார். அதனால் அவரைப் பிரிட்டிஷாரின் ஆள் என்று சிலர் ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. பேசினாலே சிறை என்ற காலத்தில் சங்கம் என்ற ஒன்றை உயிரோடு வைத்திருந்தார். 1975-இல், 52 வயதில், சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர்.

1954 இணைப்பு அடுத்த வாரம். ரந்தாவ், பகாவ், சிலியாவ் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பத்தார் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய சந்தா அட்டை இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.