ஹாம்ப்ஸ்டெட் குழந்தை இல்லங்கள்

குழந்தையின் பிடிவாதத்தையும் கோபத்தையும், படுக்கையை நனைப்பதையும் பிற குழந்தைகளைக் கடித்து வைப்பதையும், அடித்தோ மிரட்டியோ திருத்த வேண்டிய குற்றங்களாகவே நெடுங்காலம் எண்ணி வந்த உலகம், அவற்றை ஒரு சிறு உள்ளத்தின் துன்பத்துக்கு அடையாளங்களாகக் காணக் கற்றுக்கொண்டது மிகவும் சமீப காலத்திலேதான். வைத்தியர்களும் ஆசிரியர்களும் பல தேசங்களில் பல ஆண்டுகள் சிரமப்பட்டு அடைந்த ஞானம் அது. ஆயினும் குழந்தைகளுக்கான மனச் சிகிச்சை எதனால் பலிக்கிறது என்பது வேறெங்கும் காணாத தெளிவோடு பிரத்தியட்சமான இடம் ஒன்று உண்டானால், இரண்டாம் உலக யுத்தத்தின்போது லண்டனின் வடபகுதியான ஹாம்ப்ஸ்டெட்டில் நடந்த குழந்தை இல்லங்களையே அதற்குச் சொல்ல வேண்டும்.

அந்த இல்லங்களுக்குப் பூர்வ சரித்திரம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற பேராசிரியர், எழுத்துக்கூட்டி எழுத வராமல் தவித்த ஒரு மாணவனைப் பரிசோதித்து, 1896-ஆம் ஆண்டில் முதல் மனோதத்துவ மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். சிகாகோவில் 1909-இல் வில்லியம் ஹீலி என்ற வைத்தியர், சிறுவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைத் தண்டிப்பதற்கு முன் அவர்களுடைய வாழ்க்கையை விசாரித்து அறியும் முயற்சியில் இறங்கினார். ஐரோப்பாவில், முதல் உலக யுத்தம் முடிந்து பசியும் குழப்பமும் சூழ்ந்திருந்த வியன்னாவுக்கு அருகே, ஓபர்ஹொல்லாபுருன் என்னும் ஊரில், அகதிகள் தங்கியிருந்த கொட்டகைகளைக் கெட்டலைந்த சிறுவர்களின் இல்லமாக மாற்றிய ஆகஸ்ட் ஐக்ஹார்ன் என்ற ஆசிரியர், இவர்களையெல்லாம் விடத் துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்தார். யாராலும் அடக்க முடியாத முரட்டுச் சிறுவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்படி தம் துணைவர்களுக்குச் சொல்லிவிட்டு, அடியோ வசவோ இன்றி அவர்களை விட்டுப் பார்த்தார். மேசை நாற்காலிகள் உடைந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. எதிர்பார்த்த தண்டனை வராமற்போகவே, அவர்களுடைய ஆத்திரம் உச்சத்துக்குப் போய்ப் பிறகு அழுகையாகக் கரைந்தது. அந்த அழுகைக்குப் பின்னர்தான் அவர்கள் பெரியவர் ஒருவரை நம்பத் தொடங்கினார்கள். இந்த அனுபவத்தை அவர் 1925-இல் நூலாக வெளியிட்டபோது, உளப்பகுப்பாய்வு முறையை வகுத்த ஸிக்மண்ட் ஃபிராய்ட் அதற்கு முன்னுரை எழுதினார்.

அந்த ஃபிராய்டின் கடைசிப் புதல்வி அன்னா, 1895-இல் பிறந்தவர், முதலில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். தந்தையின் சாஸ்திரத்தைக் கற்றுக் குழந்தைகளின் சிகிச்சையில் ஈடுபட்ட காலத்திலும் அவரிடம் ஆசிரியையின் கண் போகவில்லை; குழந்தை என்ன சொல்கிறது என்பதோடு, எப்படிச் சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது, யாரைத் தேடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். 1937-இல் அவரும் அவருடைய அமெரிக்கத் தோழியான டாரதி பர்லிங்காமும் வியன்னாவில் பரம ஏழைகளின் கைக்குழந்தைகளுக்காக ஒரு பகல் காப்பகம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டே நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதால் அது மூடப்பட்டது. 1938 ஜூன் மாதத்தில் ஃபிராய்ட் குடும்பம் ஊரை விட்டு லண்டனில் தஞ்சம் புகுந்தது.

லண்டனில் அப்பொழுதே குழந்தைகளின் மனச் சிகிச்சை வேரூன்றத் தொடங்கியிருந்தது. மெலனி க்ளைன் 1926-இல் பெர்லினிலிருந்து அங்கே வந்து, சின்னஞ்சிறு பொம்மைகளைக் குழந்தையின் முன் வைத்து, பெரியவர்களின் பேச்சுக்கு ஈடாகக் குழந்தையின் விளையாட்டைக் கொண்டு சிகிச்சை செய்து வந்தார். மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற வைத்தியர் 1928-இல் வடக்குக் கென்ஸிங்டனில் தொடங்கிய நிலையத்தில், மணல் நிரப்பிய தட்டும், வீடு, மரம், மனிதர், மிருகம் என்று பலவகைச் சிறு உருவங்களும் இருந்தன. குழந்தைகள் அந்த மணலில் தங்கள் உலகங்களைத் தாமே அமைத்துக் காட்டினார்கள். அன்னா ஃபிராய்டுக்கும் மெலனி க்ளைனுக்கும் இடையே கடுமையான கொள்கைப் பூசல்கள் இருந்தன. குழந்தையின் விளையாட்டைப் பெரியவர்களின் பேச்சுக்கு ஈடாகக் கொள்ளலாமா என்பதிலும் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது.

யுத்தம் வந்தது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கிச் சில நாட்களுக்குள், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, ஏறத்தாழப் பதினைந்து லட்சம் பேர் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதைச் செய்தவர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் அறியாத வீடுகளில் அறியாத மனிதர்களிடையே விடப்பட்ட குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கவும், திருடவும், ஓடிப்போகவும் தொடங்கியதைக் கண்டு நாடே திகைத்தது. அந்த டிசம்பரிலேயே டொனால்ட் வினிகாட், ஜான் போல்பி, இமானுவேல் மில்லர் என்னும் மூன்று வைத்தியர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது பெருங்கேட்டை விளைவிக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள்.

1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டுமாரி பொழியத் தொடங்கிற்று. வீடிழந்து, சுரங்க ரயில் நிலையங்களில் இரவைக் கழித்து, தந்தை போர்முனைக்கும் தாய் தொழிற்சாலைக்கும் போய்விட்டதால் கவனிப்பாரற்றுத் தவித்த குழந்தைகளுக்காக, அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட்டில் வெட்டர்பர்ன் சாலையில் ஒரு வீட்டையும், பிறகு நெதர்ஹால் கார்டன்ஸில் கைக்குழந்தைகளுக்காக இன்னொரு வீட்டையும், சற்றே பெரிய குழந்தைகளுக்காக எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் மூன்றாவது வீட்டையும் திறந்தார்கள். அமெரிக்க மக்கள் யுத்தக் குழந்தைகளுக்காகத் திரட்டிய நிதி செலவுக்கு உதவிற்று. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிப் பெண்கள் பலர் அங்கே செவிலியராகவும் மாணவிகளாகவும் சேர்ந்தார்கள்.

அங்கே இருந்த விதிகளில் இரண்டைத் தனியே சொல்ல வேண்டும். முதலாவது, பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்பது; யுத்த வேலை முடிந்து நள்ளிரவில் வந்தாலும் தாய் தன் குழந்தையைப் பார்க்கலாம்; கைக்குழந்தையின் தாய் விரும்பினால் அந்த வீட்டிலேயே வேலை செய்துகொண்டு தன் பிள்ளைக்குப் பாலூட்டலாம். குழந்தையைப் பார்க்க வரும் தாயை இடையூறாகவே கருதிய ஸ்தாபனங்கள் மலிந்திருந்த காலத்தில் இது சாதாரணக் காரியமன்று. இரண்டாவது, அங்கே பணி செய்தவர் யாராயினும், குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும் என்பது. கொதிகலனுக்குக் கரி போட்டு வந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்ற இளைஞருக்கும் இந்த விதி உண்டு. அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அந்தக் குறிப்புகளிலிருந்து நமக்குக் கிடைத்த ஒரு சிறுவனின் வரலாறு, படிப்பவர் மனத்தை எளிதில் விட்டு அகலாது. மூன்று வயது கடந்த அவனிடம், அழாமல் இருந்தால்தான் அம்மா பார்க்க வருவாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் அந்த வாக்கைக் காப்பாற்றினான். அம்மா வருவாள், கோட்டை மாட்டிவிடுவாள், வீட்டுக்கு அழைத்துப் போவாள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் தலையசைத்துக் கொண்டிருந்தான். நாளாக ஆக, அந்தப் பேச்சில் ஒவ்வொரு உடுப்பின் பெயரும் சேர்ந்தது. சொன்னதையே சொல்லாதே என்று யாரோ தடுத்தபோது, அவன் பேச்சை விட்டு, கோட்டைப் போடுவதையும் தொப்பியை வைப்பதையும் கையாலேயே செய்து காட்டினான். பின்னர் அதுவும் குறைந்து, மற்றக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஒரு மூலையில் நின்று விரல்களையும் உதடுகளையும் அசைத்துக்கொண்டிருந்தான். அழாத குழந்தை நல்ல குழந்தை என்று நம்புகிறவர்கள், அழுகையைத் தடுத்தால் துக்கம் எங்கே போகிறது என்பதை இந்தச் சிறுவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு சிறுவனுக்கு நான்கு வயது. தந்தை குண்டுவீச்சில் மாண்டார். தாய் அந்தத் துக்கத்தால் நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவன் காகிதத்தால் வீடுகள் கட்டி அவற்றின் மீது கோலிக்குண்டுகளை எறிவான். ஆனால் அந்த விளையாட்டில் ஒருவரும் சாவதில்லை, இடிந்த வீடெல்லாம் மறுபடி எழுந்துவிடும். சாவை ஒப்புக்கொள்ளாத இந்த விளையாட்டினால் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஆகையால் அதை ஓயாமல் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே இருந்தான். அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. பொய்யான தேறுதலும் சொல்லவில்லை. சில மாதங்கள் சென்று, அப்பா செத்துப்போனார், திரும்பி வரமாட்டார் என்று அவன் தானாகவே வாய் திறந்து சொன்னான்; அதன் பின்னரே அந்த விளையாட்டின் பிடியிலிருந்து விடுபட்டான். குழந்தை உண்மையைத் தாங்கும் வலிமை பெறும் வரையில் பக்கத்தில் இருந்து காத்திருக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் எனக்குத் தெரியாது.

இத்தனை அன்பும் அறிவும் இருந்தும், இல்லத்துக் குழந்தைகள் சில விஷயங்களில் பின்தங்கியே இருந்தார்கள் என்பதை அன்னா ஃபிராய்ட் மறைக்கவில்லை. உணவும் உடல்நலமும் நன்றாக இருந்தன; பேச்சு மட்டும் தாமதமாக வந்தது. சில நாட்கள் தாயோடு வீட்டில் இருந்துவிட்டு வந்த குழந்தையோ பேச்சில் சட்டென்று முன்னேறியிருந்தது. பல செவிலியர் பொதுவாகக் கவனிப்பதில் ஏதோ ஒரு குறை இருப்பதை உணர்ந்து, 1942-இல் ஒவ்வொரு செவிலியிடமும் நாலைந்து குழந்தைகளை ஒப்படைத்து, அவர்களைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் தூங்க வைப்பதும் அவள் ஒருத்தியின் பொறுப்பே என்று வகுத்தார்கள். ஒரே வாரத்துக்குள் ஆறு குடும்பங்கள் உருவாயின. முதலில் பொறாமையும் அழுகையும் சண்டையும் பொங்கின. தன் செவிலி கண்மறைந்தால் குழந்தைகள் கதறினார்கள். நிர்வாகத்தை மட்டும் எண்ணுபவர் இந்தக் குழப்பத்தைக் கண்டு பழைய முறைக்கே திரும்பியிருப்பார். அன்னா ஃபிராய்டோ, நேசிக்க ஒருவர் கிடைத்ததால்தான் அவரை இழக்கும் அச்சமும் வந்தது என்று அறிந்து பொறுத்திருந்தார். பொறாமை தணிந்த பிறகு, உடலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் பேச்சும் அந்தக் குழந்தைகளுக்கு முன்னைவிட எளிதில் வந்தன.

யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டின் அக்டோபரில், தெரேஸியென்ஷ்டாட் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட, மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் ஆறு பேர், ஸஸ்ஸெக்ஸில் புல்டாக்ஸ் பாங்க் என்ற வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோரைப் பிறந்த சில காலத்திலேயே இழந்த அந்தக் குழந்தைகள் வந்த நாட்களில் பொம்மைகளை உடைத்தார்கள். பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள். ஆனால் தங்களுக்குள் அவர்கள் காட்டிய பாசம் அபூர்வமானது: ஒருவர் இல்லாத இடத்தில் மற்றவர் இருக்கமாட்டார்; தின்பண்டம் கிடைத்தால் தாம் உண்பதற்கு முன் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். ஹாம்ப்ஸ்டெட் இல்லங்களில் பணியாற்றியிருந்து, இப்பொழுது அவர்களைக் கவனித்த ஸோஃபி, கெர்ட்ரூட் டான் சகோதரிகள் அந்தக் கூட்டைக் கலைக்க முயலவில்லை. அதன் வாசலில் பொறுமையாக நின்றார்கள். மாதங்கள் செல்லச் செல்ல, குழந்தைகள் பெரியவர்களின் கையைப் பிடித்தார்கள்; ஆங்கிலமும் பேசக் கற்றார்கள். அவர்களிடம் படபடப்பும் முரட்டுத்தனமும் முற்றிலும் போய்விடவில்லை. எனினும் அவர்கள் புத்தி கெட்டவர்களாகவோ குற்றவாளிகளாகவோ ஆகிவிடவில்லை என்று 1951-இல் அன்னா ஃபிராய்ட் எழுதினார். ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருந்ததே அவர்களைக் காத்தது.

ஹாம்ப்ஸ்டெட் இல்லங்கள் 1945-இல் மூடப்பட்டாலும் அவற்றின் கல்வி நின்றுவிடவில்லை. 1947-இல் குழந்தை மனச் சிகிச்சையாளருக்கான பயிற்சியும், 1952-இல் ஹாம்ப்ஸ்டெட் சிகிச்சை நிலையமும் தொடங்கின. கொதிகலனைப் பார்த்துக்கொண்டே குறிப்பெழுதிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன், பின்னர் போல்பியுடன் சேர்ந்து ஆஸ்பத்திரிகளில் தனித்து விடப்பட்ட குழந்தைகளைக் கவனித்தார். முதலில் கதறி, பின் நம்பிக்கை இழந்து சோர்ந்து, கடைசியில் எதையும் பொருட்படுத்தாததுபோல் அடங்கும் குழந்தையை ஊழியர்கள் சமர்த்து என்று புகழ்ந்தார்கள். அந்தச் சமர்த்துக்குள் மறைந்திருந்த துயரத்தை அவர், ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து, 1952-இல் வைத்தியர்களுக்குக் காட்டினார். அவர்களில் பலர் கோபித்தார்கள். ஆயினும் 1959-இல், ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைப் பார்க்க இடம் தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. ஹாம்ப்ஸ்டெட் இல்லங்களின் வழக்கமாக இருந்தது ஒரு தேசத்தின் கொள்கையாயிற்று.

இன்று குழந்தைகளுக்கான மனச் சிகிச்சை பல கிளைகளாக விரிந்துவிட்டது. பயிற்சி பெற்ற நிபுணர்கள் பல முறைகளைக் கையாளுகிறார்கள். அவர்களுடைய உதவி தேவைப்படும் குழந்தைக்கு அதைத் தாமதமின்றித் தேடித்தருவது பெற்றோரின் கடமை. ஆனால் எந்த முறையாயினும் அது பலிப்பதற்கு அடிப்படையாக நிற்பவை, ஹாம்ப்ஸ்டெட்டில் நிலைநாட்டப்பட்ட மூன்று உண்மைகளே என்பது என் உறுதியான எண்ணம்: குழந்தையின் தவறான நடத்தைக்குக் காரணம் உண்டு, அடிக்கும் முன் அந்தக் காரணத்தை அறிய வேண்டும்; துக்கத்தைக் குழந்தை தன் காலத்தில் தன் வழியில் வெளியிட இடம் கொடுக்க வேண்டும்; மாறாத ஒருவரின் துணை குழந்தைக்கு நாள்தோறும் கிடைக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டையும் சிகிச்சையாளர் தம் அறையிலேயே செய்துவிடலாம். மூன்றாவதற்கு வீட்டாரும் பள்ளியாரும் சேர்ந்தாக வேண்டும். ஆகையால் குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கே மாற வேண்டியவர் குழந்தை ஒருவர்தாம் என்று எண்ணாமல், தாங்களும் அந்தச் சிகிச்சையில் பங்காளிகள் என்ற மனத்தோடு செல்வார்களானால், அந்தச் சிறு உள்ளங்களின் துன்பத்தால் உலகம் கற்ற பாடம் வீண்போகாது.