ஈதர்நெட்

ஒளி அலைகளைச் சுமந்து செல்ல, ஈதர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் கருதினர். 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் செய்த சோதனையில் அதன் தடயமே கிடைக்கவில்லை. இயற்பியல் கைவிட்ட அந்தச் சொல்லை 1973 மே மாதம் பாப் மெட்காஃப், ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் எழுதிய ஒரு குறிப்பில் கணினி வலையமைப்புக்குச் சூட்டினார். கணினிகள் அனைத்தும் ஒரே கேபிளில் இணைந்திருந்தன. ஒன்று அனுப்பியது எல்லாவற்றையும் எட்டியது. கேபிள் தானாக எதுவும் செய்யாமல் சமிக்ஞையைச் சுமந்தது. ஆகவே பெயர் பொருந்தியது.

இன்று அது பொருந்தாது என்று வாதிடலாம். ஸ்விட்ச் வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைப்பு. சேர வேண்டிய முகவரியைப் பார்த்து ஸ்விட்ச் உரிய போர்ட்டுக்கு மட்டும் தரவை அனுப்புகிறது. பொது ஊடகமே இல்லாதபோது ஈதர் எங்கே? ஆனால் மெட்காஃப் ஈதரை ஒரு கேபிளோடு கட்டிப்போடவில்லை. வானொலியும் தொலைபேசியும்கூட ஈதராகலாம் என்றார். ஊடகம் மாறலாம் என்பது பெயரிலேயே அடக்கம். முறுக்கிய செம்புக் கம்பி, கண்ணாடி இழை என அது மாறியும், 48 பிட் முகவரிகளைத் தாங்கிய ஃபிரேம் என்ற தரவுப் பொதி தொடர்கிறது. மாறாக, 1983இல் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ ஏற்ற 802.3 தரம், இந்தப் பெயரைத் தவிர்த்து, பொதுக் கேபிளில் சமிக்ஞைகள் மோதுவதைக் கண்டறியும் முறையையே தலைப்பாக்கியது. ஸ்விட்ச் அந்த முறையைத்தான் தேவையற்றதாக்கியது. 2012 பதிப்பின் தலைப்பில் ஈதர்நெட் என்ற பெயரே ஏறியது. செயல்முறையை விவரித்த பெயர்தான் காலாவதியானது.