ஓய்வூதியச் சீர்திருத்தமும் மலாக்காத் தோட்டத் தொழிலாளரும்

1. சிக்கல்

2024 பிப்ரவரி 1 முதல் மலேசிய அரசுப் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அவர்களும் ஊழியர் சேமநிதிக்குள் வருவார்கள் என்று துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடி அறிவித்தார். ஓய்வூதியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்பது அரசின் வாதம். அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பால்மரம் வெட்டியவர்கள், சேமநிதி வந்த 1951 முதலே ஓய்வூதியம் இல்லாத அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

2. கூலியும் சேமிப்பும்

தொடக்கத்தில் தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு 5 விழுக்காடு கட்டினார்கள். 55 வயதில் மொத்தமாக எடுக்கலாம். 1954இல் பி. பி. நாராயணன் முன்னின்று உருவாக்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவோடு பல பத்தாண்டுகள் கூலிக்காகவே மல்லுக்கட்டியது. 1967இல் மலாக்காவின் புக்கிட் அசகான் தோட்டத்தார் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். கூலி உயராமல் சேமநிதி உயராது. விடியலில் மழை பிடித்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் சேமிப்பும் சுருங்கியது.

2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் ஆனது. தொழிலாளியின் 11, முதலாளியின் 13 விழுக்காடு சேர்ந்தால் மாதம் 216 ரிங்கிட். சேமநிதி வாரியமோ 55 வயதில் 240,000 ரிங்கிட் இருக்கவேண்டும் என்று பின்னர் அளவு வைத்தது. அது 20 ஆண்டுக்கு மாதம் ஆயிரம். லாப ஈவைச் சேர்க்காமல் அந்த 216இலேயே அதை எட்ட 92 ஆண்டுக்கு மேல் ஆகும். ஈவும் சம்பள உயர்வும் இடைவெளியைக் குறைக்கும். வாழ்நாளெல்லாம் குறைந்த கூலி வாங்கியவருக்கு அது அடைபடாது. 2025இன் 1,700 ரிங்கிட் சம்பளத்திலும் மாதம் 408தான் சேர்கிறது.

இதோடு வீடும் உண்டு. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு டவுனில் கூரை தேடவேண்டும். முதுமைச் சோற்றுக்கான பணம் அதற்கே கரைகிறது.

3. சங்கங்கள் கேட்கவேண்டியது

2015இல் சேமநிதியை முழுமையாக எடுக்கும் வயதை 60க்கு உயர்த்தும் யோசனை வந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 55 நீடித்தது. நல்ல வெற்றி, ஆனால் தற்காப்பு வெற்றி. கையில் கிடைக்கும் மொத்தத் தொகை எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

மாதாமாதம் கொடுப்பது இந்நாட்டில் முடியாத காரியமல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, உடல் முடங்கிய தொழிலாளிக்கும் இறந்தவரின் மனைவிக்கும் மாத ஓய்வூதியம் தருகிறது. முடங்கியவருக்கு இயலுவது மூத்தவருக்கு ஏன் இயலாது? ஓய்வூதியம் இல்லாத முதியோர் அனைவருக்கும் மாதத் தொகை வேண்டும் என்று மலேசிய சோசலிஸ்ட் கட்சி நெடுநாளாகக் கேட்கிறது. கியூபெக்ஸும் தோட்டச் சங்கமும் இந்தக் கோரிக்கையைச் சேர்ந்தே முன்வைக்கவேண்டும். தன் உறுப்பினரின் பழைய உரிமையை மட்டும் காக்கப்போனால், தோட்டத்திலிருந்து படித்து வந்து இன்று அரசுப் பணியில் சேரும் பிள்ளைக்கும் அவன் தாய்க்கு வாய்த்த சேமநிதிதான் மிஞ்சும்.