மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டியவர் ஃபிராங்க் நெல்சன் கோல். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், வயசு 42. எழுந்தார், கரும்பலகைக்குப் போனார். வாயே திறக்கவில்லை!

67 இரண்டுகளைப் பெருக்கினார். அதில் ஒன்றைக் கழித்தார். 147573952589676412927 என்று 21 இலக்க எண் வந்தது. பிறகு பலகையில் காலியாக இருந்த இடத்துக்கு நகர்ந்து, 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். விடை? அதே எண்! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது என்று பின்னாளில் எழுதினார் கணித அறிஞர் ஈ.டி. பெல். கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்க்கிற ஆசாமி பெல். கணக்கில் மசாலா இல்லை. நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

ஒரு பெருக்கல் கணக்குக்கா இத்தனை கைதட்டல்?

காரணம், மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கும். 3, 7, 31, 127 எல்லாம் அப்படித்தான். எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் கிடைக்கும் என்று 1644-ல் ஒரு பட்டியல் போட்டார் மெர்சென். அதில் 67-ம் உண்டு. நிரூபணம்? தரவில்லை. பெரிய மனிதர் சொன்னதாயிற்றே! 230 வருடங்களுக்கு மேல் அந்த 67-ஐ யாராலும் அசைக்க முடியவில்லை.

1876-ல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால், எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. திருட்டு நடந்தது நிச்சயம், திருடன் யாரென்றுதான் தெரியவில்லை!

தேடுவதற்கு ஒரு துப்பு இருந்தது. இந்த எண்ணை வகுக்கிற எதுவும், 134-ன் மடங்கு ஒன்றோடு 1-ஐக் கூட்டினால் வருவதாகத்தான் இருக்க முடியும். சரி, எத்தனையாவது மடங்கு? 14,45,580-ஆவது! வரிசையாக வகுத்துப் பார்த்தால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். உதவாத எண்களைக் கும்பல் கும்பலாகக் கழித்துக்கட்ட வழி தேடினார் கோல். எவ்வளவு நாள் ஆனது என்று பெல் ஒருமுறை கேட்டாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

பெருக்க சில நிமிடம். பிரிக்க மூன்று வருடம். இந்த ஏற்றத்தாழ்வையே 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறியச் சொல்லலாம். பிரிக்கத் தெரியாதவன் பூட்டைத் திறக்க முடியாது. ஆர்.எஸ்.ஏ. என்ற அந்தப் பூட்டு இன்றும் இணையத்தில் பல இடங்களில் காவல் காக்கிறது.

கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் உடைத்துவிடும். அதனால்தான் பூட்டுக்கான எண்கள் இப்போது 600 இலக்கங்களைத் தாண்டிவிட்டன.