இந்தியர்களின் மரபணுத் தரவைக் கணினி ஆராய்வது ஏன்? 'ஜீனோம் இந்தியா' திட்டம் குறித்த விளக்கம்

அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்காகச் செலுத்தப்படும் சக்சினைல்கோலின் மருந்தின் விளைவு, பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களில் நீங்கிவிடும். அம்மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கோ, சுவாசத் தசைகள் மணிக்கணக்கில் செயலிழந்து செயற்கைச் சுவாசம் தேவைப்படும். தென்னிந்தியாவின் ஆரிய வைசிய சமூகத்தினரிடையே இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. தலைமுறைகளாக ஒரே சமூகத்துக்குள் நடைபெற்ற திருமணங்களால் நிலைத்துவிட்ட மரபணு மாற்றமே இதற்குக் காரணம். முன்கூட்டியே தெரிந்தால், மருத்துவர் மாற்று மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இத்தகைய மாற்றங்களைப் பெருமளவில் தேடிக் கண்டறிய உதவும் துறை உயிரித் தகவலியல். மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி வேதி எழுத்துகளைக் கொண்டது. பரிசோதனைக் கருவி அதைச் சிறு சிறு துண்டுகளாகவே படித்துத் தரும். கணினி அத்துண்டுகளை மாதிரித் தொகுதி ஒன்றுடன் பொருத்தி, வேறுபடும் இடங்களைப் பட்டியலிடும். ஒருவரிடமே பல லட்சம் வேறுபாடுகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை.

நோய்க்குக் காரணமானதைப் பிரித்தறிவதுதான் கடினம். ஆரோக்கியமான பலரிடம் காணப்படும் மாற்றம், அரிய நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒப்பிடுவதற்கான உலகத் தரவுத்தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. எனவே, இந்தியர்களிடம் இயல்பாக உள்ள மாற்றம்கூட அரிதானதாகத் தோன்றி, நோயாளியின் அறிக்கையில் 'பொருள் தெளிவற்றது' என்று குறிக்கப்படக்கூடும். மாறாக, இங்குப் பரவலாக உள்ள ஆபத்து கவனத்துக்கு வராமலும் போகலாம். இதயத் தசையைப் பாதிக்கும் 25 எழுத்து இழப்பு ஒன்று, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2009-இல் வெளியிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையத்தின் ஒருங்கிணைப்பில் 20 நிறுவனங்கள் பங்கேற்றன. 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் தரவில் சுமார் 18 கோடி மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டதாக, 2025 ஏப்ரலில் 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில் முதற்கட்ட முடிவுகள் வெளியாகின. 140 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு இது சிறிய மாதிரியே.

ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டுள்ள இத்தரவு, 2025 ஜனவரி 9-இல் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. மரபணு விவரம் ஒருவரின் உறவினர்களையும் அடையாளம் காட்டக்கூடியது என்பதால், இத்தரவு பொதுவெளியில் தடையின்றிக் கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அனுமதி பெற்ற பிறகே பயன்படுத்த முடியும்.